திருத்தப்படாத முகம்: விலங்குருத் தலைவனும் இரசிகர் பற்றும்

முன்னுரை

தொலைக்காட்சித் தலைவன்மீது இரசிகர் கொள்ளும் பேரன்பைத் திறனாய்வுலகம் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. அதனை இளமை மயக்கம் என்றோ, வணிக ஊடகம் விரித்த வலை என்றோ கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. தமிழ் வகுப்பறையிலும் இதே நிலையைக் காணலாம். மாணவி ஒருத்தி தான் விரும்பும் தொடர்நாடகத் தலைவனைப் பற்றி எழுத முன்வந்தால், அது சிந்தனையாகக் கொள்ளப்படாது கவனச் சிதறலாகவே கொள்ளப்படுகிறது.

இத்தலைவர்களுள் ஒருவகையினர் தனித்து நோக்கத்தக்கவர். விலங்கின் தோற்றமும் அடங்காச் சினமும் உடையவர்; ஆயினும் காதலில் கனிந்தவர். 1987ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிய அத்தகைய தலைவன் ஒருவனையும், பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் போற்றிய மதுரை வீரனையும் அருகருகே வைத்து நோக்க இக்கட்டுரை முற்படுகிறது. ஒன்று பொழுதுபோக்கு, மற்றொன்று வழிபாடு. இரண்டும் ஒன்றே என்பது நம் கருத்தன்று. எனினும் இரண்டிலும் ஒரே வேண்டுகோள் ஒலிப்பதாக நாம் கருதுகிறோம்: 'எம் தலைவனின் முகத்தைத் திருத்தாதீர்' என்பதே அது.

வின்சென்டும் அவன் இரசிகரும்

'அழகியும் விலங்கும்' என்னும் ஐரோப்பியக் கதை, 1756இல் பியூமோன் அம்மையார் சுருக்கி எழுதிய வடிவத்தினால் உலகெங்கும் பரவியது. அதன் முடிவு யாவரும் அறிந்ததே. அழகியின் அன்பு கனிந்தவுடன் விலங்கு மறைகிறது. அழகிய இளவரசன் எழுந்து நிற்கிறான்.

ரான் கோஸ்லோ உருவாக்கி 1987 செப்டம்பரில் சிபிஎஸ் நிறுவனம் ஒளிபரப்பத் தொடங்கிய தொடர் இம்முடிவைக் கைவிட்டது. அதில் வரும் வின்சென்ட் சிங்கமுகம் உடையவன்; நியூயார்க் நகரின் அடியில் உள்ள சுரங்கங்களில், மேலுலகு ஒதுக்கிய மக்களோடு வாழ்பவன்; கவிதையும் நாடகமும் கற்றவன். வழக்கறிஞரான கேத்தரின் அவனைக் காதலிக்கிறாள். அவளுக்குத் தீங்கு நேரும்போது அவன் நகங்கள் எதிரியைக் கிழிக்கின்றன. அவள் காதலால் அவன் முகம் மாறுவதில்லை. ரான் பெர்ல்மன் அம்முகத்துடனேயே நடித்து, 1989இல் கோல்டன் குளோப் விருதும் பெற்றார்.

இத்தொடரின் இரசிகர்களை, அவருள்ளும் சிறப்பாகப் பெண்களை, ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் வெளியிட்ட தம் நூலில் ஓர் இயல் முழுவதும் ஆராய்ந்துள்ளார். நிறுவனம் குற்றமும் துப்பறிதலும் மிகுந்த தொடரை நாட, இரசிகர்கள் காதற்கதையை நாடினர். கேத்தரினாக நடித்த லிண்டா ஹாமில்டன் விலகியதையடுத்து, 1989 டிசம்பரில் அப்பாத்திரம் கொல்லப்பட்டது. 1990இல் தொடரும் முடிவுற்றது. இரசிகர் பலர் அம்மரணத்தை ஏற்க மறுத்தனர். தாமே கதைகள் எழுதிக் காதலரை வாழவைத்தனர். ஊடகம் தருவதை அப்படியே விழுங்குவோர் அல்லர் இரசிகர் என்பதற்கு ஜென்கின்ஸ் காட்டும் சான்றுகளுள் இதுவும் ஒன்று.

2012 முதல் 2016 வரை இதே பெயரில் மற்றொரு தொடர் வெளிவந்தது. அதில் வின்சென்ட் கன்னத்தில் ஒரு தழும்பு மட்டுமே உடைய அழகிய இளைஞன். விலங்கு முகம் எப்போதோ சில கணங்கள் மட்டும் தோன்றி மறையும். பழைய இரசிகர்க்கு இது நிறைவளிக்கவில்லை. அவர்கள் நேசித்தது முகத்தைக் கடந்த ஓர் ஆன்மாவை அன்று. அம்முகத்தோடு கூடிய ஒருவனை. இவ்வேறுபாடு நம் ஆய்வுக்கு அடிப்படையாகும்.

பிறப்பில் ஒளித்த இளவரசன்

மதுரை வீரன் கதைப்பாடல் இவ்வேறுபாட்டை மற்றொரு கோணத்தில் காட்டுகிறது. அருந்ததியர் இல்லத்தில் வளர்ந்த வீரன் பாளையக்காரர் மகள் பொம்மியைக் காதலித்துக் கவர்ந்து செல்கிறான். திருமலை நாயக்கர் ஆண்ட மதுரையில் வெள்ளையம்மாளை விரும்புகிறான். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மடிந்து தெய்வமாகிறான். பரவலாக வழங்கும் வடிவங்களில் அவன் பிறப்பால் அரசமகன். தீய சகுனத்தால் காட்டில் விடப்பட்டு அருந்ததியரால் எடுத்து வளர்க்கப்பட்டவன்.

இப்பிறப்புக் கதையைப் பின்னர்ச் சேர்க்கப்பட்ட மூடுதிரையாகக் கருதும் ஆய்வாளர் உளர். முத்துப்பட்டன் கதையில் சக்கிலியர் குலப் பெண்களைப் பிறப்பால் அந்தணர் என மாற்றியுரைக்கும் போக்கினை நா. வானமாமலை சுட்டிக்காட்டியிருப்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. பியூமோன் கதையில் இளவரசன் இறுதியில் வெளிப்படுகிறான். வீரன் கதையில் தொடக்கத்திலேயே ஒளித்து வைக்கப்படுகிறான். இடம் வேறு, பணி ஒன்றே. நீங்கள் நேசித்தவன் உண்மையில் தாழ்ந்தவன் அல்லன் என்று கேட்போர்க்கு உறுதி கூறுவதே அப்பணி.

1956இல் எம்.ஜி.ஆர். நடிக்க, யோகானந்த் இயக்கி வெளிவந்த 'மதுரை வீரன்' திரைப்படமும் அரசமகன் கதையையே பின்பற்றியது. பொம்மியாகப் பானுமதியும் வெள்ளையம்மாளாகப் பத்மினியும் நடித்த இப்படம் பெருவெற்றி பெற்றது. நாட்டார் தெய்வத்தின் முரட்டு முகத்தின்மீது திரைத்தலைவனின் பொலிவான முகம் படிந்தது எனலாம். இரசிகர் பற்றும் அடியார் பற்றும் ஒன்றையொன்று தழுவிய இடம் இது.

தோட்டத்தின் வாயிற்காவலன்

பேராக்கின் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் வட்டாரத் தோட்டங்களில் மாரியம்மன் கோயில் லயங்களுக்கு நடுநாயகமாக விளங்கியது. முனியாண்டியும் மதுரை வீரனும் வாயிலிலோ, எல்லையிலோ, பால்மரக் காட்டின் ஓரத்திலோ நின்றனர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு இருள் விலகாத மரவரிசைக்குள் பால்வெட்டச் சென்ற பெண்ணுக்குப் பாம்பும் அச்சம். தண்டலும் கிராணியும் துரையும் அச்சம். அவளுக்குத் தேவைப்பட்டவன் அழகிய இளவரசன் அல்லன். அச்சுறுத்துவோரைத் தானும் அச்சுறுத்தவல்ல ஒருவன். அவ்வலிமையைத் தன்மேல் செலுத்தாத ஒருவன்.

அடியார்களும் அரசமகன் கதையைப் பாடுகின்றனரே என வினவலாம். உண்மைதான். ஆயின் அக்கதை வழிபாட்டில் செயற்படுவதில்லை. வீரன் அரியணையில் அமர்த்தப்படுவதில்லை. வாயிலில் அரிவாளுடன் நிற்கிறான். மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலும் அவன் இடம் கிழக்குக் கோபுர வாயிலே. அவனுக்குப் படைக்கப்படுபவை சுருட்டும் சாராயமும் சேவலும். விழித்த கண்ணும் முறுக்கிய மீசையும் மாறாமல் இருக்கின்றன. பாட்டு அவனை இளவரசன் என்கிறது. படையலோ அவனைத் தம்முள் ஒருவன் என்கிறது.

பெண்ணிய நோக்கில் ஓர் ஐயம்

இங்கு எழும் வலுவான மறுப்பொன்றைத் தவிர்த்தல் தகாது. முரட்டுத் தலைவனைக் காதலுக்குரியவனாகப் போற்றுதல், வீட்டில் பெண் படும் அடிக்கு நியாயம் கற்பிக்காதா? கள்ளும் சம்சுவும் குடும்பங்களைச் சிதைத்த தோட்ட வாழ்வை அறிந்தோர் இவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. பொம்மியும் வெள்ளையம்மாளும் வீரனோடு தீப்பாய்ந்து மாய்வதாகக் கதை கூறுகிறது. அதனை இன்று கற்பிக்கும் ஆசிரியர் அதனைக் காதலின் வெற்றியாகக் காட்டலாகாது.

எனினும், பற்றுடையோர் எதனைத் தேர்ந்து பற்றுகின்றனர் என்பதையும் நாம் காணவேண்டும். காதற்புதினம் படிக்கும் அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து ஜேனிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட நூல், அவர்கள் வன்மையை விரும்பவில்லை, வன்மையுடையவனிடம் மறைந்திருக்கும் பரிவையே தேடினர் என உணர்த்துகிறது. வின்சென்ட் ஒருபோதும் கேத்தரினைத் தன் நகங்களால் அச்சுறுத்துவதில்லை என்பதே அவன் இரசிகரை ஈர்த்தது. இத்தேர்வு ஒரு மதிப்பீடு. வலிமை எவர்மேல் செலுத்தப்படலாம், எவர்மேல் செலுத்தப்படலாகாது என்னும் அறவினா அதனுள் உள்ளது. வகுப்பறையில் கேட்கப்பட வேண்டிய வினாவும் அதுவே. பற்றை ஏளனம் செய்தால் அவ்வினாவைக் கேட்கும் வாய்ப்பையே இழந்துவிடுவோம்.

முகம் மாற்றும் காலம்

1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் நாகா இயக்கத்தில் வந்த 'விடாது கருப்பு', காவல் தெய்வத்தைத் தொடர்நாடகத்திற்குள் கொணர்ந்தது. இந்திரா சௌந்தர்ராஜனின் இக்கதையில் குதிரைமீது வந்து குற்றவாளிகளைத் தண்டிக்கும் கருப்புக்கு உளவியல் விளக்கமும் தரப்படுகிறது. பலர் நினைவில் நிலைத்ததோ அவ்விளக்கம் அன்று. இருளில் கேட்ட குளம்பொலியே. அறிவுத் திருத்தமும் அரசமகன் திருத்தத்தைப் போலவே பற்றின் முன் தோற்றுவிடுவதை இங்கும் காண்கிறோம்.

ஆனால் எல்லாத் திருத்தங்களும் தோற்பதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் மனைநிலங்களாகியும் போக, மக்கள் புந்தோங் போன்ற நகர்ப்புறக் குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்தனர். பின்தங்கிய கோயில்களுள் சில இடிபட்டன, சில பெயர்த்தமைக்கப்பட்டன. தோட்டத் தமிழரின் இவ்விழப்பை ஆண்ட்ரு வில்போர்ட் 2014இல் வெளியிட்ட நூல் விரிவாகப் பேசுகிறது. பெயர்த்தமைத்தபோது படையல் சைவமாவதும், காவல் தெய்வம் ஆகம முறைக்குள் வருவதும் உண்டு. சிங்கப்பூரில் முனீஸ்வரன் வழிபாட்டை ஆராய்ந்த வினிதா சின்ஹாவின் 2005ஆம் ஆண்டு நூல், இம்மாற்றத்தோடு நாட்டார் மரபை அறிந்தே பேணும் போக்கினையும் காட்டுகிறது.

மரியாதை வேண்டி ஒரு சமூகம் தன் தெய்வத்தைத் திருத்திக்கொள்வதை நாம் பழிக்கவில்லை. அஃது அடியார் உரிமை. ஆயின் அதற்கு ஒரு விலை உண்டு. சக்கிலியர் வீட்டுப் பிள்ளையாக வீரனை வணங்கியவன், அவனில் தன் முகத்தைக் கண்டான். அம்முகம் அழகுபடுத்தப்பட்டால் தெய்வம் உயரும். வணங்கியவன் தனித்து விடப்படுவான்.

முடிவுரை

விலங்குருத் தலைவனிடம் கொள்ளும் பற்று, அவன் மாறுவான் என்னும் நம்பிக்கையில் பிறப்பதன்று. மாறாமலேயே அவன் நேசிக்கப்படலாம் என்னும் உறுதியில் பிறப்பது. தோற்றத்தாலும் குலத்தாலும் தொழிலாலும் ஒதுக்கப்பட்டோர்க்கு இவ்வுறுதி சிறிய பொருளன்று. நியூயார்க் சுரங்கத்துக் கற்பனையும் பேராக் தோட்டத்து வழிபாடும் சந்திக்கும் இடம் இதுவே.

ஆதலின் தமிழாசிரியர்க்கு நாம் முன்வைப்பது எளியதொரு பணி. மாணவர் விரும்பும் தலைவனை இழிவெனத் தள்ளாது, அவனிடம் அவர்கள் மாற்ற விரும்பாதது எது என்று கேட்டு எழுதச் செய்யலாம். அவ்வாறே வீட்டு முதியோரிடம் தோட்டத்து வீரன் எங்கு நின்றான், அவனுக்கு என்ன படைத்தனர், எதனை வேண்டினர் என்று கேட்டுப் பதியச் செய்யலாம். அம்முதியோர் உள்ளபோதே இது செய்யப்படவேண்டும். அச்சில் ஏறிய கதை இளவரசனை மட்டுமே வைத்திருக்கும். வாயிலில் நின்றவனைப் பற்றிச் சொல்லவல்லோர் அவர்களே.