விசாரித்த விதம் மட்டும்

அகதி விசா மறுக்கப்பட்டவர் நீதிமன்றப் படியேறினால், அவருக்குச் சொந்த ஊரில் உயிராபத்து உண்டா என்று நீதிபதி பார்ப்பதில்லை. அதிகாரி சட்டப்படி நடந்தாரா, பாதிக்கப்படுகிறவரின் பேச்சுக்குக் காது கொடுத்தாரா என்பதோடு விசாரணை முடிந்துவிடும். இந்தக் குறுகிய பார்வைதான் நீதிமன்றச் சீராய்வின் பலம். அதன் ஊனமும் அதுவே.

ஆஸ்திரேலியாவின் பிலோயிலாவில் குடியிருந்த ஈழத்தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் விடியற்காலையில் வந்து பிடித்துப்போனார்கள். 2019 ஆகஸ்டில் இலங்கைக்குக் கிளப்பிய விமானம் நடுவானில் இருக்கும்போதே நீதிமன்றத் தடை வந்து, டார்வினில் இறக்கவேண்டியதாயிற்று. அடுத்து கிறிஸ்துமஸ் தீவில் காவல். 2020 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம், இளைய மகள் விஷயத்தில் பரிசீலனை நடப்பதையே தெரிவிக்காமல், கருத்தும் கேட்காமல் அதிகாரிகள் முடிவுகட்டியது முறையல்ல என்றது. 2021 பிப்ரவரியில் மேல்முறையீட்டு அமர்வும் அதை உறுதிசெய்தது. வழக்கில் வென்றும் விசா கிடைக்கவில்லை. ஆட்சி மாறிய பிறகு, 2022 ஆகஸ்டில்தான் நிரந்தர விசா வந்தது. அதுவும் அமைச்சரின் தனி அதிகாரத்தால்.

அப்படியானால் வழக்காடியது வீணா? அந்தத் தடையுத்தரவு இல்லையென்றால் விமானம் கொழும்பில் இறங்கியிருக்கும். காலத்தை வாங்கித் தருவதும் நீதிதான். ஆனால், பரிசீலனையைச் 'சரியாக' நடத்தி அதே மறுப்பை மறுபடி எழுத அதிகாரிக்குத் தடையேதும் இல்லை.

நம் பக்கம் நிலைமை வேறு. உத்திரமேரூரில், ஊர்ச்சபைக்கு யார் வரலாம், யார் எதனால் வரக்கூடாது என்பதைப் பராந்தக சோழன் காலத்திலேயே கோயில் சுவரில் வெட்டிவைத்தார்கள். ஆனால் அகதி யார், அதை யார் தீர்மானிப்பது என்று சொல்ல இன்றைய இந்தியாவில் தனிச்சட்டமே கிடையாது. வெளிநாட்டவரை வெளியேற்ற அரசுக்குக் கட்டற்ற அதிகாரம் உண்டென்று 1955இல் ஹான்ஸ் முல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைத் தாண்ட முயலும் உயர் நீதிமன்றங்கள் அரசியலமைப்பில் வாழ்வுரிமை பற்றிய 21ஆவது பிரிவையே பிடித்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழ் அகதிகள் குடியுரிமை கேட்ட வழக்கில், 2019 ஜூனில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் பரிவோடுதான் எழுதினார். கடைசியில் கொடுக்க முடிந்தது, விண்ணப்பத்தின் மீது 16 வாரங்களில் முடிவெடுங்கள் என்ற உத்தரவு. குடியுரிமை கொடுங்கள் என்று ஆணையிட அவரால் முடியவில்லை.

ஆஸ்திரேலிய வழக்கில் மீறுவதற்கென்று ஒரு நடைமுறையாவது இருந்தது. இங்கே சீராய்வு செய்யவே முறையான முடிவு எதுவும் இல்லை; அந்தக் குறையை நீதிபதியின் தலையில் கட்டுவது நியாயமில்லை. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர் மீது பாஸ்போர்ட், விசா இல்லாததற்காக நடவடிக்கை கிடையாது என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்களித்தது. நல்லதுதான், ஆனால் அது உரிமையல்ல, சலுகை. அந்தத் தேதிக்கு மறுநாள் வந்தவர் தன் கதையைச் சொல்வதற்கு அதில் இடமே இல்லை.