வினாவுக்குக் காத்திருக்கும் கருவி

உரிமத்தை ஏற்கிறீரா, எந்தக் கோப்பகத்தில் அமைப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாக வினவி, விசைப்பலகையின் முன் ஒரு மனிதன் அமர்ந்திருப்பதாகவே பாவித்து எழுதப்பட்ட நிறுவல் நிரலை, யாருமற்ற நள்ளிரவில் பல சர்வர்களில் ஓடவைக்க வேண்டிய சங்கடத்துக்கு, அமெரிக்கரான டான் லிபெஸ் 1990-இல் அறிமுகப்படுத்திய ‘எக்ஸ்பெக்ட்’ கருவி அளித்த பரிகாரம் அலாதியானது. போலி முனையம் ஒன்றைச் சிருஷ்டித்து, நிரலின் வாசகத்தைக் கவனித்து, எதிர்பார்த்த வினா எழுந்த பின்னரே விடையைச் செலுத்தும் அதன் நிதானம், விடைகளை ஒரே மூச்சில் குழாய்வழி கொட்டிவிடும் அவசர உபாயத்துக்கு இல்லை.

சர்வர் பணிகளைத் தானியங்கியாக நடத்தும் ‘ஆன்சிபிள்’ இம்முறையைச் சுவீகரித்து, வினாவின் வடிவத்துக்கு எதிரே விடையை எழுதிவைக்கச் சொல்கிறது. 30 விநாடிக்குள் எதிர்பார்த்தது நிகழாவிடில் பணியை நிறுத்திவிடுகிறது. குறிப்பிட்ட கோப்பு ஏற்கெனவே இருந்தால் நிறுவலைத் தொடுவதேயில்லை. (கடவுச்சொல்லும் விடைகளில் ஒன்றானால், பதிவேட்டில் அது பதியாதபடி மறைப்பது அவசியம்.)

டெபியன் லினக்ஸின் அமைவு விடைகளைக் கையாளும் ‘டெப்கான்ஃப்’, வினா எழுமுன்பே விடைகளைச் சேமித்துக்கொள்வதால், அதுவே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். ஆயினும் அவ்வசதியற்ற பழைய நிறுவிகளிடம் எக்ஸ்பெக்டின் பொறுமையே பயன்படுகிறது.