மேபலின் மஞ்சள் உடை

விருந்துக்கு உடுத்திக்கொண்டு போகும் ஒரு பெண்ணின் கூச்சம் இலக்கியத்துக்குரிய விஷயம்தானா என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. போர், பசி, சாவு என்றால்தான் அவர்களுக்குக் கனம். வர்ஜீனியா வுல்ஃபின் 'புதிய உடை' (1927) அவர்களுடைய பொறுமையைச் சோதிக்கும். நாற்பது வயது மேபல் வேரிங், கிளாரிஸா டாலவே வீட்டு விருந்துக்கு வருகிறாள். மேலங்கியைக் கழற்றும்போதே தன் உடையில் ஏதோ சரியில்லை என்று பட்டுவிடுகிறது. தவிக்கிறாள். சீக்கிரமே விடைபெற்றுக்கொண்டு போய்விடுகிறாள். கதை அவ்வளவுதான்.

உடையில் கோளாறு என்பதும் முழு உண்மை இல்லை. நாகரிக உடைக்குக் கையில் பணமில்லாததால் தாயாரின் பழைய பாரிஸ் மாதிரிப் புத்தகத்தைப் பார்த்து மஞ்சள் பட்டில் தைத்துக்கொண்டவள் அவள். எல்லோரையும் போல இருக்க வசதியில்லை. ஆகவே தனித்துத் தெரிய ஓர் ஆசை. இந்த இரண்டும் ஒரே துணியில் தைக்கப்பட்டிருக்கின்றன. தையல்காரி மிஸ் மிலனின் புழுக்கமான சிறு அறையில் இதே உடையோடு கண்ணாடி முன் நின்றபோது, எதிரே ஓர் அழகியைத்தான் மேபல் கண்டாள். அப்போது அவளுக்குள் பொங்கியது கர்வம் அல்ல என்பது முக்கியம். வாய் நிறையக் குண்டூசிகளோடு தரையில் தவழ்ந்து விளிம்பைச் சரிசெய்துகொண்டிருந்த அந்த ஏழைத் தையல்காரி மீது அன்பு சுரந்தது.

டாலவே வீட்டிலும் அதே உடல், அதே மஞ்சள். கண் மட்டும் வேறு. பிறருடைய கண்ணை இரவல் வாங்கித் தன் மீதே திருப்பிக்கொள்கிறாள் மேபல். உண்மையில் அங்கே யாரும் அவளைப் பெரிதாக இழிவுபடுத்திவிடவில்லை. ரோஸ் ஷாவின் உதட்டோரம் ஒரு சுழிப்பு. சார்ல்ஸ் பர்ட்டின் வாயிலிருந்து உடையைப் பற்றி ஒரு வாக்கியம். இது போதுமாயிருக்கிறது. ராபர்ட் ஹேடனிடம் ஒரு நல்ல வார்த்தையைப் பிடுங்குவதற்காகத் தன்னையே தாழ்த்திப் பேசுகிறாள். மரியாதைக்கு ஒரு பொய் கிடைக்கிறது. காயம் இன்னும் ஆழமாகிறது. பண்டிகைக்கு முன் நம் வாரப் பத்திரிகைகள் 'தன்னம்பிக்கையே அழகு' என்று உபதேசம் செய்கின்றனவே, அதையும் மேபல் செய்துதான் பார்க்கிறாள். எல்லோரும் தட்டின் விளிம்பில் ஏறத் தவிக்கும் ஈக்கள்தான் என்ற நினைப்பை மந்திரம்போல் உருப்போடுகிறாள். ஆனால் ஈயாகத் தெரிவது அவள் மட்டும். மற்றவர்கள் தும்பிகள், பட்டாம்பூச்சிகள்.

வுல்ஃபின் கூர்மை இதற்குப் பிறகுதான். திருமதி ஹோல்மன் வந்து தன் குழந்தைகளின் நோயைப் பற்றிப் புலம்புகிறாள். மேபலுக்கு அது காதில் விழவில்லை. சுவரில் தொங்கும் வட்டக் கண்ணாடியில் தான் ஒரு மஞ்சள் புள்ளி, அவள் ஒரு கறுப்புப் புள்ளி. கூச்சம் அடக்கத்தின் தங்கை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. அதனிடம் பிறத்தியாருக்கு இடமே கிடையாது. மிஸ் மிலனுக்காகக் கசிந்த அதே மனசு இங்கே ஒரு தாயின் கவலையைப் பொத்தான் அளவுக்குச் சுருக்கிவிடுகிறது. இதைச் சொல்ல ஒரு விருந்தும் ஒரு கவுனும் போதும் என்று வுல்ஃப் கண்டதே பெரிய விஷயம். கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் வெட்கத்தைத் தன் சிறு வயதிலேயே அறிந்தவர் அவர். 1939இல் எழுதத் தொடங்கிய நினைவுக் குறிப்பில் அதைச் சொல்லியிருக்கிறார்.

மிஸ் மிலனின் கையில் மருந்து இருக்கிறது என்று முடித்துவிடலாமா? தோல்ஸ்தோய் தடுக்கிறார். 'போரும் வாழ்வும்' நாவலில், பெண் பார்க்க அனதோல் வந்திருக்கும் நாளில், அழகில்லாத இளவரசி மரியாவை அண்ணியும் தோழியும் சேர்ந்து அலங்கரிக்கிறார்கள். போட்டி என்ற எண்ணமே எழாத அளவுக்கு அவள் அழகற்றவள் என்பதால், அவர்களுடைய அக்கறையில் கள்ளமில்லை. கூந்தலைத் தூக்கி முடிகிறார்கள், உடையை மாற்றுகிறார்கள், தள்ளி நின்று பார்க்கிறார்கள். அந்தத் தள்ளி நிற்றல்தான் வதை. மரியாவின் கண்கள் அழகானவை. ஆனால் கண்ணாடியைப் பார்த்ததும் முகம் இறுகிவிடுவதால் அவள் அதை ஒருநாளும் கண்டதில்லை. கடைசியில் பிரார்த்தனை செய்துவிட்டு, உடை நினைப்பே இல்லாமல் இறங்கிப் போகிறாள். இதைச் சிலர் வெற்றி என்பார்கள். எனக்கு இது துறவாகத்தான் படுகிறது. ஆசையையே விட்டவளுக்குக் கூச்சம் எங்கிருந்து வரும்?

நம் பக்கத்தில், பண்டிகைத் துணியை வறுமையின் அளவுகோலாக மட்டும் காட்டிய கதைகள் ஏராளம். கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' வேறு ஜாதி. அதுவும் குழந்தைகளின் சட்டைப் போட்டியில்தான் தொடங்குகிறது. தீபாவளி வேளையில் வந்து சேரும் அனாதைப் பையனுக்கு உடம்பெல்லாம் சிரங்கு. தாயம்மாள் அவனைத் தன் கையால் குளிப்பாட்டி, கணவனுக்கென்று வைத்திருந்த துண்டை உடுத்திவிடுகிறாள். அவள் தள்ளி நின்று பார்ப்பதில்லை. மேபலுக்குத் தையல் அறையில் சில நிமிஷங்கள் கிடைத்ததும் மரியாவுக்குக் கிடைக்காமல் போனதும் இதுதான். அந்தப் பையன் பெயர் ராஜா. போட்டியில் பணக்காரச் சிறுவனுக்கு எதிராக மங்கம்மாள் எடுத்து வைப்பது சட்டையை அல்ல, அவனை.