எழுத்தசைவும் பொருளும்: ‘சைக்கோ’ பெயர்க்காட்சியை முன்வைத்து

திரையில் எழுத்தின் அசைவு அணியாக மட்டும் அமைவதன்று. பொருளுணர்த்தும் கூறாகவும் அமையும். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) திரைப்படத்திற்குச் சால் பாஸ் வடிவமைத்த பெயர்க்காட்சி இதற்குச் சான்றாகும். கோடுகள் திரையை ஊடறுக்கின்றன. துண்டுபட்ட பெயர்கள் கூடி, ஒருகணம் நின்று, மீண்டும் சிதைகின்றன. நார்மன் பேட்ஸின் பிளவுண்ட மனம் கதை தொடங்குமுன்னரே எழுத்தின் உடைவால் குறிப்பாக உணர்த்தப்படுகிறது.

இவ்வுத்தியைத் தமிழ்ப் பாடல்வரிக் காணொளிகளில் கையாளும்போது எழுத்தின் இயல்பு கருதத்தக்கது. ‘கொ’ ஓரெழுத்து, ஆயினும் வரிவடிவில் ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் என முக்கூறுடையது. இவை ஒவ்வொன்றாகத் தோன்றினால், மெய்யின்பின் ஒலிக்கும் உயிரின் குறி மெய்க்குமுன் தனித்து நிற்கும். ஒலியும் வடிவும் முரண்படும். பாஸின் பிளவு கதைப்பொருளிலிருந்து பிறந்தது. அத்தகைய பொருட்காரணம் இல்லாதவிடத்து, எழுத்தைப் பிளக்கும் அசைவு வாசிப்பைக் குலைக்குமேயன்றி உணர்வை மிகுவிப்பதில்லை.