யாமத்தில் நடப்பவள்

ஒரு தமிழ்ப் பேய்ப்படம் தொடங்கி அரை நிமிடத்துக்குள் அது பேய்ப்படம் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. நீலம் பாய்ந்த இருட்டு, தரையோடு தவழும் புகை, பின்னாலிருந்து விழும் ஒளியில் முகம் தெரியாத ஒரு பெண், எங்கோ ஒரு கொலுசு. கேமரா அவள் முதுகுக்குப் பின்னால், மனிதர் நடக்கும் வேகத்தைவிடச் சற்று மெதுவாக நகர்கிறது. இவற்றில் மூன்று அமைந்தால் போதும், அரங்கில் பாப்கார்ன் கொறிக்கும் சத்தம் நின்றுவிடும். இந்தக் குறிகளையெல்லாம் தொழில்நுட்பம் என்று எழுதிவிட்டுப் போகிறார்கள் நம் திரை விமர்சகர்கள். அத்தனை குறிகளையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால் கிடைப்பது ஒரே ஒரு செய்திதான்: இரவில் ஒரு பெண் தனியாக நடக்கிறாள். பயப்படுவதற்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை என்று சினிமா முடிவு செய்து வெகுகாலமாகிறது.

நான் இருப்பது ஓசூரில். இங்கே இரவு ஷிப்டுக்குப் போகும், ஷிப்ட் முடிந்து திரும்பும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அதனால் இந்த வகைமை இலக்கணத்தை வெறும் இலக்கணமாகப் படிக்க என்னால் முடியவில்லை.

வகைமையைக் குறியால் உணர்த்துவது தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் செய்திருப்பது அதைத்தானே. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, யாழ் என்று கருப்பொருள்கள். சூழலைச் சொன்னால் உணர்ச்சி தானே விளங்கிவிடும். குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிர், சிறுபொழுது யாமம். அதாவது நடுராத்திரி, குளிர், மலைச்சாரல். இன்றைய ஒளிப்பதிவாளரிடம் இந்த மூன்றையும் கொடுத்தால் கேட்காமலேயே பேய்ப்படம் எடுத்துத் தருவார். அகப்பாட்டிலோ அது கூடலின் பொழுது. இரவுக்குறியில் நிற்கும் பெண்ணைக் கண்டு வாசகர் அலறுவதில்லை; அவளோடு சேர்ந்து காத்திருப்பார். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. இரவுக்குறியிடம் வீட்டு எல்லைக்குள்ளேயே, உள்ளே இருப்போரின் பேச்சு காதில் விழும் தொலைவில்தான் இருக்க வேண்டும் என்று அதே இலக்கணம் கயிறு கட்டி வைத்திருக்கிறது. ஆனாலும் யாமம் அவளுக்கும் உரியதாக இருந்தது. அது எப்போது கைமாறியது?

வெள்ளைப் புடவையிலிருந்து தொடங்கலாம். ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' 1963இல் வந்தது, ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். மறுநாளே என்பதுபோல, 1964இல் வின்சென்ட் மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' இயக்கினார்; கதை வைக்கம் முகமது பஷீருடையது. பாழடைந்த வீடு, விரித்த கூந்தல், வெண்ணிற உடை என்று அடுத்த பல பத்தாண்டுகளுக்கான அச்சு இந்தக் காலத்துப் படங்களில் வார்க்கப்பட்டது. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் இருட்டுக்கு முன்னால் ஓர் உருவம் தெரியவேண்டுமானால் அது வெளிர்நிறம் உடுத்தியிருக்க வேண்டும்; பக்கவாட்டிலோ பின்னாலிருந்தோ விழும் ஒளியை வெள்ளைத் துணிதான் வாங்கி நிற்கும். இது பௌதிகம். அதே துணி நம் ஊர்களில் யாருக்கு உடுத்திவிடப்பட்டது என்பது பௌதிகம் அல்ல. கணவனை இழந்தவளின் சீலையை எந்தக் கூச்சமும் இல்லாமல் பேயின் சீருடையாக்க முடிந்தது, எதிரே வந்தாலே ஆகாது என்று ஊர் ஏற்கெனவே ஒத்திகை பார்த்து வைத்திருந்ததால்தான். வண்ணப்படம் வந்தபிறகு அந்த ஒளித் தேவை போய்விட்டது. வெள்ளைப் புடவை போகவில்லை.

ஒளியைவிட ஒலி இன்னும் ஆழமாக இறங்குகிறது. கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை அவ்வளவு எளிதாக மூட முடியாது. சுற்றொலி வந்தபின் கொலுசு திரையிலிருந்து இறங்கி நம் பிடரிக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தது. வகுப்பில் ஒருமுறை ஒரு பேய்ப்படத்தின் ஒரு நிமிடத்தைப் படமில்லாமல் ஒலியை மட்டும் போட்டேன். காற்று, இரும்பு கேட் முனகல், தூரத்தில் நாய், படியில் மெதுவான காலடி, கொலுசு. இது என்ன வகைப் படம், எழுதுங்கள் என்றேன். எல்லோரும் பேய் என்றே எழுதினார்கள், ஒருத்தியைத் தவிர. "மேடம், இது எங்க ஹாஸ்டல் மாடிப்படி. பி ஷிப்ட் முடிச்சு அக்காங்க ஏறி வர்றாங்க. கொலுசு மட்டும்தான் இடிக்குது. கம்பெனிக்குள்ள கொலுசு போட விடமாட்டாங்களே." மின்னணு ஆலைக்குள் உலோகம் எதுவும் போகக்கூடாது என்பது பல இடங்களில் விதி. பேய்க்கு இருக்கும் கொலுசு இரவில் உண்மையில் நடப்பவளுக்கு இல்லை.

எல்லைப்புறத்தில் இருப்பவர்களின் காதில் மட்டும் உறுத்தும் இன்னொரு ஒலிக்குறி உண்டு. ஃபாசிலின் 'மணிச்சித்ரதாழ்' 1993இல் வந்தது. அந்த மலையாளப் படத்தில் பேயாக நம்பப்படுபவள் தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசும் நாட்டியப் பெண். பி. வாசு அதை 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' ஆகவும் 2005இல் தமிழில் 'சந்திரமுகி' ஆகவும் எடுத்தார். இரண்டிலும் அவள் தெலுங்கு பேசுகிறாள். 2007இல் இந்திக்குப் போனபோது வங்காளியானாள். கதையின் முடிச்சு மனநோய்தான் என்கிறார்கள், மருத்துவர் வந்து விளக்குகிறார். ஆனால் படம் நம் முதுகுத்தண்டைச் சில்லிட வைப்பது மருத்துவத்தால் அல்ல. வீட்டு மருமகள் திடீரென்று பக்கத்து மாநில மொழியில் பேசுகிறாள், ஒளி சிவக்கிறது, கண்ணில் மை தீற்றியிருக்கிறது. அயல்மொழி இங்கே ஓர் ஒலி விளைவு, கதவு முனகலைப் போல.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஓசூரில் அந்தக் காட்சி எப்படிக் கேட்டிருக்கும்? வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் என் வகுப்பில் எப்போதும் இருக்கிறார்கள். தங்கள் பாட்டியின் மொழியைக் கேட்டு அரங்கம் நடுங்கியதை அவர்கள் சிரித்தபடியேதான் சொல்கிறார்கள். கதையையும் நினைத்துப் பாருங்கள்: சந்திரமுகி தன் ஊரிலிருந்து பிடித்துவரப்பட்டவள். காதலன் கண்ணெதிரே கொல்லப்பட, உயிரோடு எரிக்கப்பட்டவள். அவளுடைய வழக்கைக் கேட்க அந்த அரண்மனையில் அவள் மொழி தெரிந்த ஆளே இல்லை. இன்று ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்கள் ராத்திரி மாடியில் நின்று வீட்டோடு பேசும் குரல் கீழே தெருவில் கேட்கும்போது, அந்தப் படத்தின் காது எனக்குள்ளும் ஒரு நொடி விழித்துக்கொள்கிறது. அதை அணைக்க முயற்சி வேண்டியிருக்கிறது.

ஆண்களின் இரவு வேறு வகைமை. 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013), 'கைதி' (2019) இரண்டுக்கும் பாடல் கிடையாது, பெரும்பகுதி இரவு. தெருவிளக்கின் மஞ்சள், லாரி முகப்பு விளக்கு, ஈரத் தார்ச்சாலை. 'கைதி'யில் கதாநாயகியே இல்லை. அதைப் புதுமை என்று பாராட்டினோம், நானும் அந்தப் படத்தை ரசித்துத்தான் பார்த்தேன். ஆண் இரவில் நடந்தால் திரில்லர், பெண் இரவில் நடந்தால் அவள் பேய், இல்லையென்றால் பத்து நிமிடத்தில் பிணம். வேலைக்குப் போகிறாள் என்று சொல்லும் ஒளியமைப்பு நம் வணிக சினிமாவின் கைவசம் இல்லை. பேயாகிப் பழிவாங்குகிறாளே, அது அதிகாரம் இல்லையா என்று 'காஞ்சனா' வரிசைப் படங்களுக்காக வாதாடுபவர்கள் உண்டு. செத்தால்தான் பேசலாம் என்ற நிபந்தனையோடு வரும் அதிகாரம் அது.

சட்டமும் சினிமாவும் இதில் ஒன்றையொன்று பார்த்து எழுதியவைபோல் இருக்கின்றன. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, பெண்களைக் காலை 6 முதல் மாலை 7 வரைதான் ஆலையில் வேலை வாங்கலாம் என்றது. மாநில அரசு நேரத்தை மாற்றலாம். இரவு 10 முதல் காலை 5 வரை மட்டும் கூடாது. மீன் பதனிடும் ஆலைகளுக்கு விலக்கு அளிக்க இடமிருந்தது, மீன் கெட்டுப்போகும் அல்லவா. 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. தீர்ப்புக்குப் பிறகு ஆலைகளின் இரவு மாறியது. நம் திரையின் இரவு 2005இல் சந்திரமுகியைக் கொண்டுவந்தது.

பேய்ப்படத்துக்குப் பிடித்த இடம் குளியலறை. நீராவி படிந்த கண்ணாடி, திரைச்சீலைக்கு அப்பாலிருந்து பார்க்கும் கேமரா. தான் பார்க்கப்படுவது அவளுக்குத் தெரியாது. யாருடைய பார்வை அது என்று கேட்டால் ஆவியின் பார்வை என்பார் இயக்குநர். ஆளில்லாத பார்வையால் யார்மீதும் குற்றமில்லை, அதன் வசதியே அதுதான். 2025 நவம்பரில் ஓசூர் அருகே ஒரு பெண் தொழிலாளர் விடுதியின் குளியலறையில் ஒளித்து வைத்த கேமரா கண்டுபிடிக்கப்பட்டது. பெண்கள் பெருந்திரளாக வெளியே வந்து இரவில் போராடினார்கள். என் செல்பேசிக்கு வந்த காட்சித் துணுக்குகளில் ஒளியமைப்பு ஏதுமில்லை, பின்னணி இசை இல்லை. யாமத்தில் நின்ற பெண்கள், பல மொழிகளில் ஒரே கேள்வி. கேமராவை வைத்தது யார்?

என் மாணவிகள் இருவர் இப்போது நாலு நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்திருக்கிறார்கள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி விடுதிவரை நடக்கும் ஒரு பெண், அவ்வளவுதான் கதை. கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர் கேட்காமலேயே அதில் திகில் இசை சேர்த்துக் கொடுத்தார். ராத்திரி, பொண்ணு என்றதும் கை அந்த ஃபைலுக்குப் போயிருக்கிறது. அதை எடுக்கச் சொல்லிவிட்டுச் செருப்புச் சத்தத்தையும் நெடுஞ்சாலை லாரிகளையும் வைத்தார்கள். கல்லூரியில் போட்டுக் காட்டியபோது மூன்றாவது நிமிடத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் "பேய் எப்ப வரும்?" என்றான். இருவரும் இப்போது கேமராவை அவளுக்குப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் கொண்டுவந்து திரும்ப எடுக்கப் போகிறார்கள். அதற்கு ஓர் ஆள் சாலையில் பின்னோக்கி நடக்க வேண்டும். கல்லும் குழியுமான அந்தச் சாலையில் யார் நடப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.