மார்க்கின் கட்சியில் சேராமல் மார்க்காக நடிப்பது

யாஸ்மினா ரேஸாவின் ‘ஆர்ட்’ 1994-இல் பாரிஸில் மேடையேறியது. மூன்று நண்பர்களின் கதை. அதில் மார்க் வேடம் ஏற்பவருக்கு முதல் காட்சியே ஒரு பொறி. அவனுடைய நண்பன் செர்ஜ் இரண்டு லட்சம் பிராங்க் கொடுத்து ஓர் ஓவியம் வாங்கியிருக்கிறான். வெள்ளைப் பரப்பில் வெள்ளைக் கோடுகள். மார்க் அதைக் கேவலமாகத் திட்டுகிறான், அரங்கம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பை நம்பி, நவீன ஓவியத்தை எதிர்க்கும் வழக்கறிஞனாக மார்க்கைத் தயார் செய்துகொண்ட நடிகருக்கு, நாடகத்தின் பின்பாதியில் செய்வதற்கு எதுவும் மிஞ்சாது.

மார்க்கின் காயம் வேறிடத்தில் இருக்கிறது. செர்ஜ் ஒருநாள் ‘கட்டுடைப்பு’ என்ற சொல்லைக் கேலியில்லாமல், மெய்யாகவே சொல்லிவிட்டான். அது மார்க்கிடம் கற்ற சொல் அல்ல. செர்ஜின் கண்ணில் தனக்கு நிகர் யாருமில்லை என்ற நினைப்பில் வாழ்ந்தவன் மார்க். அந்த இடத்தில் இப்போது ஓர் ஓவியம் மாட்டப்பட்டிருக்கிறது.

இந்த இடத்துக்கு நடிகர் எப்படிப் போய்ச் சேர்வது? ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி முதலில் வகுத்து, பிறகு நியூயார்க்கில் லீ ஸ்ட்ராஸ்பர்க் வலியுறுத்திய உணர்ச்சி நினைவு ஒரு வழி: நீங்கள் இழந்த நட்பை நினைவுக்குக் கொண்டுவந்து அந்த வலியோடு மேடையேறுங்கள் என்கிறது அது. எனக்கு இதில் ஆழ்ந்த ஐயம் உண்டு. முறிந்த நட்பை நினைக்கும்போது நாம் எல்லோருமே கைவிடப்பட்டவர்கள்தான். நண்பனின் கடிவாளத்தைப் பிடித்திருந்தவனாக யாரும் தன்னை நினைவில் வைத்திருப்பதில்லை. அதனால் நினைவிலிருந்து வருவது சுயபச்சாதாபம். மார்க்கோ பிடி தளர்ந்த எஜமானன்.

ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தம் கடைசி ஆண்டுகளில் உடற்செயல்களிலிருந்து தொடங்கச் சொன்னார். இந்த வசனத்தால் எதிரே இருப்பவனை நான் என்ன செய்கிறேன் என்று வரிக்கு வரி கேட்டுக்கொள்ளும் பயிற்சி அதிலிருந்து வளர்ந்தது. மார்க்குக்கு இதுவே பொருந்துகிறது. பண்டைய ரோமானியத் தத்துவஞானி செனெகாவைப் படிக்கச் சொல்லும் செர்ஜ், அவர் நவீனமானவர் என்கிறான்; மார்க் அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறான். இத்தகைய இடங்களின் ஓரத்தில் வினைச்சொற்களை எழுதிப் பாருங்கள்: திருத்துகிறேன், சோதிக்கிறேன், மட்டம் தட்டுகிறேன். நண்பனோடு பேசுபவனின் வினைகளா இவை? யாரும் எடுத்துச் சொல்லாமலே நடிகருக்கு வேடம் புரிந்துவிடும். பதற்றம் தணிய மார்க் விழுங்கும் ஹோமியோபதி மாத்திரைகள்கூட இப்படிப் பார்த்தால் நடிப்புக்கு நல்ல கைப்பிடி.

ஆனால் இறுதியில் இந்த வழி முட்டி நிற்கிறது. செர்ஜ் தானே பேனாவை நீட்ட, மார்க் அந்த வெள்ளைமேல் ஒரு பனிச்சறுக்கு வீரனை வரைகிறான். பிறகு மார்க்கின் துணைவி பாலா பரிந்துரைத்த சோப்பால் இருவரும் சேர்ந்து அதை அழிக்கிறார்கள். மை அழியக்கூடியது என்று செர்ஜுக்கு முன்பே தெரியும்; தெரியாது என்று மார்க்கிடம் பொய் சொன்னதை நம்மிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறான். மீண்ட நட்பு அந்தப் பொய்மேல் நிற்கிறது. அடுத்து மார்க் தனியாக, அந்த வெள்ளையில் தனக்குத் தெரியும் பனியையும் மறைந்துபோகும் மனிதனையும் பற்றிப் பேசுகிறான். எதிரே யாருமில்லை, திருத்தவோ மட்டம் தட்டவோ ஆளில்லை.

என் தீர்ப்பு: முதல் காட்சியிலிருந்து பேனா கைமாறும் வரை வினைகள் மட்டும் போதும். சொந்த நட்பின் நினைவை அந்தக் கடைசிப் பேச்சுக்காக, கடைசி வார ஒத்திகை வரை தொடாமல் வைத்திருக்க வேண்டும். அதற்குள் நடிகர் ஒரு மாதமாக இன்னொருவனை மட்டம் தட்டிப் பழகியிருப்பார். அப்போது நினைவுக்கு வரும் நண்பனின் முகம், ஒத்திகையின் முதல் நாளில் வந்திருக்கக்கூடிய முகமாக இருக்காது.