ஒட்டடைக்குச்சியும் ஒரு கேலன் பாலும்

பத்தாம் வகுப்பு முடித்தபோது என் காது உயரம் இருந்தவன், பிளஸ் ஒன் முடிவதற்குள் என்னைக் குனிந்து பார்க்கத் தொடங்கினான். உயரம் 183 செ.மீ., எடை 56 கிலோ. அண்ணன் மகனைச் சொல்கிறேன். திண்டுக்கல்லில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் அவனுக்கு ஒரு விசாரணை உண்டு. "ஏண்டா, வீட்ல சோறு போடுறாங்களா இல்லையா?" பள்ளியில் அவன் பெயர் ஒட்டடைக்குச்சி. குண்டுப் பையனிடம் பேசும்போது நாக்கைக் கொஞ்சமாவது மடக்குகிறவர்கள்கூட ஒல்லிப் பையனிடம் கூச்சமே இல்லாமல் கேட்டுவிடுகிறார்கள். அவனுக்கு வலிக்காது என்று எப்படியோ முடிவாகிவிட்டது.

ஒருநாள் அண்ணி போன் செய்தார். "எட்டு பாக்கெட் பால் வாங்கி ஃபிரிட்ஜ்ல அடுக்கியிருக்கான் தம்பி. எல்லாத்தையும் ஒரே நாள்ல குடிக்கணுமாம். நீங்களாவது கேளுங்க."

கேட்டேன். ஜிம்மில் சேர்ந்திருக்கிறான். உடம்பு ஏற ஒரு நாளைக்கு ஒரு கேலன் பால், அதாவது 3.78 லிட்டர் குடிக்க வேண்டும் என்று எங்கோ பிடித்திருக்கிறான். அது அவன் கண்டுபிடித்த கிறுக்குத்தனம் இல்லை. ஏறக்குறைய 90 ஆண்டு வரலாறு உள்ள முறை. அதனாலேயே எடுத்த எடுப்பில் சிரித்துத் தள்ளிவிட முடியவில்லை.

1930களில் அமெரிக்காவில் ஜோசப் கர்ட்டிஸ் ஹைஸ் என்ற பளுதூக்குபவர், தோளில் கனத்த பாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவதையும் வயிறு முட்டச் சாப்பிட்டுப் பால் குடிப்பதையும் சேர்த்துச் செய்து உடம்பேற்றினார். நெப்ராஸ்காவைச் சேர்ந்த பியரி ரேடர் என்ற மெலிந்த மனிதர் பல ஆண்டுகள் எதெதையோ செய்து பார்த்துத் தோற்று, இந்த வழியில் தேறினார். அவர் 1936இல் தொடங்கிய 'அயர்ன் மேன்' பத்திரிகை இதை ஊரெங்கும் பரப்பியது. 1989இல் ராண்டல் ஸ்ட்ராஸன் எழுதிய 'சூப்பர் ஸ்குவாட்ஸ்' நூல், ஆறே வாரத்தில் 30 பவுண்டு தசை ஏறும் என்று அட்டையிலேயே அறிவித்தது. இந்த நூற்றாண்டில் டெக்சாஸின் விச்சிட்டா ஃபால்ஸில் ஜிம் நடத்தும் மார்க் ரிப்பட்டோ, எடை குறைந்த இளைஞர்களுக்கு ஒரு கேலன் பாலைப் பரிந்துரைத்து அதை மறுபடி பிரபலமாக்கினார்.

இந்த முறையின் நல்ல பாதி பாலில் இல்லை, பாரத்தில் இருக்கிறது. தோளில் கம்பியை வைத்து உட்கார்ந்து எழும்போது தொடை, இடுப்பு, முதுகு என்று உடம்பின் பெரிய தசைகள் எல்லாம் ஒன்றாக வேலை செய்கின்றன. நம்மூர் பஸ்கியும் அதே அசைவுதான். வித்தியாசம், பஸ்கியில் எண்ணிக்கையைக் கூட்டுகிறோம், இங்கே பாரத்தைக் கூட்டுகிறார்கள். முப்பது பஸ்கி எடுக்கிறவன் முந்நூறு பஸ்கிக்குப் போனால் மூச்சு வளரும். தொடை அந்த அளவுக்கு வளராது. பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்பதை 1940களில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், காயம்பட்ட வீரர்களின் நலிந்த கால்களுக்குப் பயிற்சி கொடுத்து ஒரு முறையாகவே வகுத்தார். நெல்லைப் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்குத் தூக்கும் இளவட்டக்கற்களையும் பாருங்கள், வெவ்வேறு எடையில் கிடக்கும். சின்னக் கல்லைத் தூக்காதவன் பெரிய கல்லிடம் போவதில்லை.

நம் ஜிம்களில் உயரமான ஒல்லிப் பையன்கள் செய்வது இதற்கு நேர்மாறு. கண்ணாடியில் தெரியும் நெஞ்சையும் கைச்சதையையும் வாரத்தில் நாலு நாள் அடிக்கிறார்கள். "லெக்ஸ்" அடிக்கும் நாளில் தலைவலி வந்துவிடும். அதில் ஒரு நியாயமும் உண்டு. தொடையெலும்பு நீளமாக இருப்பவன் உட்கார்ந்தால் உடம்பு அதிகம் முன்னே சாயும். குட்டையான நண்பன் அழகாக உட்கார்ந்து எழும்போது இவன் கொக்கு மடங்குவதுபோல மடங்குவான். கை நீளமாக இருப்பதால் நெஞ்சிலிருந்து பாரத்தைத் தள்ளும் தூரமும் அதிகம். பக்கத்துப் பையன் 60 கிலோ தள்ளும்போது இவன் 40இல் திணறுவது பலவீனத்தால் மட்டும் இல்லை. இதைச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காதவனுக்கு "நீ எக்டோமார்ஃப் தம்பி, உனக்கு உடம்பு ஏறாது" என்ற தீர்ப்பு கிடைக்கிறது.

இந்த எக்டோமார்ஃப் என்ற சொல்லின் பூர்வீகத்தை ஜிம்மில் யாரும் விசாரிப்பதில்லை. 1940களில் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் உடம்பை மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு குணத்தையும் ஒட்டினார். எக்டோமார்ஃப், அதாவது ஒல்லியானவன், கூச்ச சுபாவி, தனிமை விரும்பி என்றார். குணத்தைப் பற்றிச் சொன்னதை அறிவியல் எப்போதோ கைவிட்டுவிட்டது. பெயர்ப்பலகை மட்டும் பவுடர் டப்பாக்களிலும் ஜிம் சுவர்களிலும் பிழைத்துக் கிடக்கிறது. கைரேகை பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை என்பது என் எண்ணம்.

இனி பாலுக்கு வருவோம். ஒரு கேலன் கொழுப்பு நீக்காத அமெரிக்கப் பாலில் ஏறக்குறைய 2400 கலோரி, 125 கிராம் புரதம். சோறாகவோ இட்லியாகவோ இவ்வளவைத் தின்ன முயன்றால் தாடை ஓய்ந்துவிடும். திரவமாக இறங்குவதால் வயிறு சீக்கிரம் மறுப்புச் சொல்லாது. பசியே எடுக்காத ஒல்லிப் பையனுக்கு இது உண்மையான உதவிதான். மறுக்கவில்லை.

ஆனால் 'சூப்பர் ஸ்குவாட்ஸ்' அட்டையில் இருந்த கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஆறு வாரம் என்பது 42 நாள். நாளுக்கு ஒரு கேலன் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் போனால் மொத்தம் ஒரு லட்சத்துச் சொச்சம் கலோரி. உடம்பு ஒரு கிலோ கொழுப்பைச் சேர்த்து வைக்க ஏறக்குறைய 7700 கலோரி போதும். வகுத்தால் 13 கிலோ. 30 பவுண்டு என்பது 13.6 கிலோ! ஒரு கிராம் தசைகூட ஏறாமல், முழுக்கக் கொழுப்பாகவே சேர்ந்தாலும், எடை மெஷின் அந்த வாக்குறுதியை ஏறத்தாழ நிறைவேற்றிக் காட்டிவிடும். இந்த முறையின் மூலக் கோளாறு இங்கேதான் என்று நினைக்கிறேன். எது ஏறியது என்று பார்க்காமல் எவ்வளவு ஏறியது என்று மட்டும் பார்க்கிறது.

எது ஏறியது என்று பார்த்த ஆய்வும் இருக்கிறது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 56 இளைஞர்களுக்கு வாரம் ஐந்து நாள், 12 வாரம் பளுப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் பயிற்சி முடிந்ததும் அரை லிட்டர், ஒரு மணி நேரம் கழித்து அரை லிட்டர் என்று கொழுப்பு நீக்கிய பால் குடித்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி அவர்களுக்குக் கொழுப்பில்லாத உடல் எடை சராசரி 3.9 கிலோ கூடியது. பாலுக்குப் பதில் மாவுச்சத்து பானம் குடித்தவர்களுக்கு 2.4 கிலோ. ஒரு லிட்டர் பால், மூன்று மாதம், நாலு கிலோ. பாலின் பெருமையும் எல்லையும் இந்த எண்களில் இருக்கின்றன. பாலுக்குப் பதில் மாஸ் கெய்னர் டப்பா வாங்குகிறவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தால் போதும். பெரும்பாலும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடிக்குத்தான் அந்த விலை.

"எனக்கு எவ்வளவு தின்னாலும் ஏறாது" என்று ஒல்லியானவர்கள் சொல்வதைச் சாக்கு என்று நினைத்திருந்தேன். 1999இல் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவைனும் அவர் குழுவும் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு 4.23 கிலோ கொழுப்பு கூடியது, இன்னொருவருக்கு 0.36 கிலோதான். குறைவாக ஏறியவர்கள் தங்களை அறியாமலே அதிகம் அசைந்தார்கள். நின்றார்கள், நடந்தார்கள், உட்கார்ந்த இடத்தில் நெளிந்தார்கள். அப்படி ஒருவர் எரித்தது நாளுக்கு 692 கலோரி வரை. அண்ணன் மகன் சாப்பிடும்போதுகூடக் காலாட்டிக்கொண்டே இருப்பான். "காலாட்டாதே, வீட்டுக்கு ஆகாது" என்று அம்மா அதட்டுவார். வீட்டுக்கு எப்படியோ, எடைக்கு ஆகாது என்பது சரிதான். ஆகவே அதிகமாகத் தின்னச் சொல்லும் அறிவுரையில் உண்மை இருக்கிறது. ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்பதைத்தான் ஒரு கேலன் என்ற ஒற்றை விதி மறந்துவிடுகிறது.

நம்மவர்களுக்கு இதில் இரண்டு கூடுதல் சிக்கல்கள். பால் சர்க்கரையைச் செரிக்க முடியாதவர்கள் வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் அதிகம். நாலு லிட்டர் என்ற சவாலை எடுத்த பையன் மூன்றாம் நாள் வகுப்பறைக்கும் கழிப்பறைக்கும் நடையாய் நடப்பதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்க முடியாது. அடுத்தது இன்னும் முக்கியம். 2004இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே, 22.3. யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடம்பில் 21.2. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சாட்சி கிடையாது. டெக்சாஸ் பையனுக்கு எழுதிய மருந்துச்சீட்டை அப்படியே திண்டுக்கல்லில் வாங்கிச் சாப்பிட்டால், கை கால் குச்சியாகவே இருக்க, நடுவில் தொப்பை மட்டும் வரலாம். அப்படி வந்தவர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

இந்த முறையால் தேறியதாகச் சொல்லும் கதைகளிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆண்பிள்ளைகளுக்கு உயரம் வேகமாகக் கூடுவது பெரும்பாலும் 13, 14 வயதில். தசையும் பலமும் அதற்குப் பின்னால்தான் வந்து சேரும். எலும்பு முதல் பஸ்ஸில் போய்விடும், சதை அடுத்த பஸ்ஸில் வரும். 16 வயதில் ஜிம்மில் சேர்ந்து 18 வயதில் தோள் விரிந்து நிற்பவன் பாலுக்கும் மாஸ்டருக்கும் நன்றி சொல்கிறான். ஜிம்மே பார்க்காத அவன் வகுப்புத் தோழனும் அதே இரண்டு வருடத்தில் சில கிலோ ஏறியிருப்பான். எது வயதின் வேலை, எது பயிற்சியின் வேலை என்று பிரிப்பது கஷ்டம். விற்கிறவர்கள் பிரிக்கவும் விரும்புவதில்லை. "கம்பி தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும்" என்று பெற்றோர் பயப்படுவதும் ஆதாரமில்லாதது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் வாரம் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் பலம் தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2020இல் சொல்லியிருக்கிறது. வளர்த்தியை நிறுத்தக்கூடியது ஸ்டீராய்டு ஊசி. எலும்பின் நுனியில் வளரும் பகுதி அதனால் முன்கூட்டியே மூடிக்கொள்ளும்.

பால் பாக்கெட்டைவிட எனக்குக் கவலையாக இருந்தது வேறொன்று. 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன், 196 செ.மீ. உயரம், மெலிந்த நீண்ட உடல். 1986 ஜனவரியில் ஜப்பானில் ஒரு ஆட்டத்தின் நடுவே, மாற்று ஆட்டக்காரர் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சரிந்து இறந்தார். வயது 31. மார்ஃபான் என்ற பிறவிக் கோளாறால் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி கிழிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. இந்தக் கோளாறு உள்ளவர்கள் பொதுவாக உயரமாக, ஒல்லியாக, நீண்ட கைவிரல்களோடு இருப்பார்கள்; விரித்த கைகளின் நீளம் உயரத்தைத் தாண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கனமான பாரம் தூக்குவது அவர்களுக்கு ஆபத்து. அரிதான கோளாறுதான். நெட்டையான எல்லாப் பையன்களுக்கும் இருக்கும் என்று பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். ஆனால் ஒல்லிப் பையனை ஸ்குவாட் கம்பிக்கு அடியில் அனுப்பும் புத்தகங்கள் முதல் பக்கத்தில் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மருத்துவரிடம் கூட்டிப்போனேன். கைகளை விரிக்கச் சொல்லி அளந்தார், ஸ்டெதாஸ்கோப் வைத்தார், எக்கோ எடுக்கச் சொன்னார். தைராய்டும் சர்க்கரையும் பார்த்தார். ஒன்றுமில்லை.

அதன்பிறகு நாங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் சின்னது. வழக்கமான சாப்பாட்டோடு நாளுக்கு 50 கிராம் வேர்க்கடலை, அரை லிட்டர் நீல பாக்கெட் பால் இரண்டு வேளையாக. இதுவே ஏறக்குறைய 570 கலோரி, 28 கிராம் புரதம். முடிந்த நாளில் இரண்டு முட்டை. வாரம் மூன்று நாள் ஜிம், கால் பயிற்சி கட்டாயம், தூக்கிய பாரத்தை நோட்டில் எழுத வேண்டும். இதில் தோற்றது தூக்கம்தான். காலை ஐந்தரைக்கு டியூஷன், ராத்திரி பதினொன்றுக்கு ரெக்கார்டு நோட்டு. இந்த வயதுக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும் என்று சொல்லலாம், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு அதை யார் வாங்கித் தருவது?

ஐந்து மாதம் கழித்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "மூணு கிலோதான் சித்தப்பா ஏறியிருக்கு." நோட்டை வாங்கிப் பார்த்தேன். வெறும் 20 கிலோ கம்பியில் தொடங்கியவன் 55 கிலோவை வைத்து எட்டு முறை உட்கார்ந்து எழுந்திருக்கிறான். அதை அவன் ஒரு கணக்காகவே எடுத்துக்கொள்ளவில்லை. யூனிஃபார்ம் பேண்ட் தொடையில் இறுக்குகிறது என்று அண்ணி சொல்லியிருந்ததால் அப்படியே டெய்லர் கடைக்குப் போனோம். டெய்லர் தையலைப் பார்த்தார், பையனை நிற்கவைத்து டேப்பைப் பிடித்தார்.

"தொடையப் பிரிச்சுவிட்டா மட்டும் போதாது சார். கீழ மடிப்பையும் இறக்கணும். தம்பி இன்னும் வளர்ந்துக்கிட்டுல்ல இருக்கு."